வாசலில் நின்ற மைதா

குன்னூருக்குக் கீழே, தேயிலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற சவேரியார் லைன் வீடுகளில், பேக்கரியில் வர்க்கி பிஸ்கட் போடுகிற லூர்துநாதனின் உடம்பிலிருந்து அவர் வாழ்நாளில் பிசைந்த மைதா மொத்தமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தனியாகக் கழன்று, அவரைப் போலவே இரண்டு காலில் எழுந்து நின்றதை அந்த லைனில் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, சோறு ஆறிவிடும் என்று வீட்டுக்குள் போனார்கள். மூத்த மகள் செலினுக்கு மட்டும் அப்படிப் போக முடியவில்லை. அது அவள் அப்பா. அதுவும் இரண்டு. எந்த அப்பாவைப் பார்த்து வாயைப் பிளப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

பீட்சாதான் காரணம் என்று பிற்பாடு லைனில் சொல்லிக்கொண்டார்கள். காரணமெல்லாம் ஒன்றும் கிடையாது. பீட்சா இருந்தது, அவ்வளவுதான்.

செலினின் தங்கை டெபோரா மூன்றாம் வகுப்பு. அவளுக்குக் கோதுமை ஆகாது. வயிறு பானை மாதிரி உப்பி, கையும் காலும் குச்சியாகி, கோயம்புத்தூர் டாக்டர் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, "கோதுமை, மைதா, ரவை, ஒரு துகள்கூட உள்ள போகக் கூடாது" என்று சொன்ன அன்றைக்கே வீட்டிலிருந்து சப்பாத்திக்கல் போனது, சேமியா போனது, சோயா சாஸ் போனது, அதிலும் கோதுமை கலக்கிறார்களாம் என்று கட்டிப் பெருங்காயமும் போனது. எல்லாம் போன பிறகு அப்பாவும் பாதி போனார். அவர் இமையில் மைதா, காதுமடலில் மைதா, கைரேகைக்குள் மைதா, இருமினால் மைதா. அதனால் ஒரு சட்டம் வந்தது. வேலைத்துணியை வாசல் ஓரத்துத் தகரக் கொட்டகையில் கழற்றிப் போட்டு, குழாயடியில் தலையோடு குளித்து, நகக்கண்ணைப் பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகுதான் அவர் நிலைப்படி தாண்டலாம். தாண்டின பிறகும் அவர் டெபோராவைத் தூக்கமாட்டார். பயம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி நின்று, "சாப்பிட்டியாடா?" என்று கேட்பார்.

செலினையும் தொடமாட்டார். செலினுக்குக் கோதுமை ஒன்றும் செய்யாது. ஆனால் செலின் மேல் ஒட்டினது டெபோரா மேல் ஒட்டும். இதில் கோபப்பட ஒன்றுமில்லை என்று செலினுக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வரும். வந்தால் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

முன்பெல்லாம் அப்படியில்லை. டெபோரா பிறப்பதற்கு முன்னால், அம்மா ஆரோக்கியம் தேயிலை ஃபாக்டரிக்குப் போகிறபோது செலினை அப்பா வேலை செய்கிற பேக்கரியில் விட்டுவிட்டுப் போவாள். செலின் சர்க்கரை மூட்டை மேல் தூங்குவாள். எழுந்தால் தட்டின் மூலையில் கொஞ்சம் தீய்ந்து, யாரும் வாங்காத ஓரத்து வர்க்கி ஒன்று அவளுக்கென்று எடுத்துவைத்திருக்கும். மடிப்பு மடிப்பாக உதிர்கிற அதை டீயில் தோய்த்துத் தின்பாள். சாயந்திரம் அப்பா அவளை இரண்டு கையாலும் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மேடேறி வருவார். வீட்டில் இறக்கிவிட்டால் அவள் ஸ்வெட்டர் முதுகில் இரண்டு வெள்ளைக் கை பதிந்திருக்கும். அம்மா தட்டிவிடுவாள். முழுசாகப் போகாது.

செலின் பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். யாரும் நிறுத்தவில்லை. புரியாத பாடத்துக்குப் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டு உட்கார அவளுக்கு வரவில்லை, பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். லைனில் அதை ஒரு மாதம் பேசினார்கள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

அந்தக் கோடையில் டெபோராவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளை கவுன், தலையில் பூவளையம், எல்லாம் ஆயிற்று. ஆனால் கோயிலில் கொடுக்கிற அப்பம் கோதுமை. பங்குத்தந்தை நல்லவர், யோசித்து, கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு திராட்சை ரசம் மட்டும் அவள் நாக்கில் படும்படி கொடுத்தார், இதுவும் முழுசுதான் பாப்பா, ஒன்றும் குறைவில்லை என்றார். மற்ற பிள்ளைகள் நாக்கை நீட்டி, வட்டமாக, வெள்ளையாக அப்பத்தை வாங்கிக்கொண்டு வந்தார்கள். டெபோரா வீட்டுக்கு வந்து கவுனோடு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"என்னடி வேணும் உனக்கு?" என்றாள் செலின், கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு.

"வட்டமா ஏதாவது."

"தோசை வட்டம்தானே."

"தோசை தினமும் வட்டம்."

வட்டமாக, புதுசாக, கோதுமை இல்லாமல். செலின் போனைத் தேய்த்துக்கொண்டே போனாள். ஒரு வெள்ளைக்காரன் கறியும் சீஸும் போட்டுப் பீட்சா சுட்டுக்கொண்டிருந்தான், மாவு மட்டும் வேறு, கோதுமை இல்லாத மாவு, ஸ்டேக் பீட்சா என்று பேர். கட்டிலுக்கு அடியில் போனை நீட்டினாள். டெபோரா வெளியே வந்தாள்.

கறிக்கடை அண்ணனிடம் மாட்டுத்தொடையில் பாளம் பாளமாக, மெல்லிசாக வேண்டும் என்றதற்கு அவர், "பல்லு இல்லாதவங்களுக்கா?" என்று கேட்டார்.

"பீட்சாவுக்குண்ணே."

"பீட்சா திங்கறவங்களுக்குப் பல்லு இருக்காதா?"

மாவுதான் தகராறு. அரிசி மாவும் மரவள்ளி மாவும் போட்டு, வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்துப் போட்டு, ஈஸ்ட் கரைத்து ஊற்றிப் பிசைந்தால், அது கூடி வரவே இல்லை. கையை எடுத்தால் உதிர்ந்தது. சேர்த்துப் பிடித்தால் விரிந்தது. ஒட்டவைக்கிற குணம் கோதுமைக்குத்தான் உண்டாம். மற்றதெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், சேர்ந்து இருக்காது. கடைசியில் மருந்துக்கடையில் வயிறு போகாதவர்களுக்குக் கொடுக்கிற இசப்கோல் உமியை வாங்கித் தண்ணீரில் ஊறவைத்துக் கொழகொழவென்று ஊற்றினாள். பிடித்துக்கொண்டது. கறியை மிளகும் பூண்டும் வெண்ணெயும் போட்டுப் புதுத் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சுரீர் சுரீர் என்று வாட்டி நீளநீளமாக அரிந்தாள். வெங்காயம், குடைமிளகாய், மேலே குன்னூர் சீஸைத் தேங்காய்த்துருவல் மாதிரி சீவிக் கொட்டினாள். பேக்கரியில் இருக்கிற மாதிரி அடுப்பு வீட்டில் கிடையாது. பிரியாணி அண்டாவில் உப்பைப் பரப்பிச் சூடேற்றி, கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தட்டை வைத்து, மூடி, மூடி மேல் அம்மிக்குழவியை ஏற்றிவைத்தாள்.

ஒரு தப்பு பண்ணினாள். அண்டா இரவல் வாங்கினது, எந்த வீட்டுப் புரோட்டாவைப் பார்த்ததோ என்று பயந்து கழுவினாள், மறுபடி கழுவினாள், தட்டையும் கரண்டியையும் கத்தியையும் கழுவினாள். கோடை, குழாயில் தண்ணீர் இல்லை. டிரம்மில் அப்பா குளிப்பதற்கென்று வைத்திருந்த தண்ணீர் முழுசும் அப்படிப் போய்விட்டது. டிரம்முக்குள் சொம்பு டங்கென்று அடித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

அப்பா வந்து குழாயைத் திருகினார். காற்று வந்தது. டிரம்மைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். உள்ளே மூடியைத் திறந்தார்கள். கறியும் சீஸும் வெந்த வாசனை கதவு வழியாக இறங்கிப் படி தாண்டி வாசலுக்குப் போயிற்று. டெபோரா ஒரு துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு நிலைப்படிக்கு வந்தாள்.

"அப்பா வாப்பா, சீஸ் நூலு வருது பாரு."

"நீ சாப்பிடுடா. அப்பா குளிக்கலை."

"நூலு அறுந்துடும்ப்பா."

அவர் ஒரு காலை எடுத்து வைத்தார். அவருக்கே தெரியாமல்தான் வைத்தார் என்று செலின் இன்றைக்கும் நினைக்கிறாள். கால் முன்னால் வந்தது, காலில் இருந்த மைதா வரவில்லை. மறுகால் வந்தது, அந்த மைதாவும் நின்றுவிட்டது. முழங்காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் நெஞ்சிலிருந்தும், தலைமுடியின் வேரிலிருந்தும் மூக்கின் உள்ளிருந்தும், நுரையீரலுக்குள் அத்தனை வருஷம் இழுத்துவைத்திருந்த அடியாழத்திலிருந்தும், சட்டையிலிருந்து கை உருவுகிற மாதிரி அவர் மைதாவிலிருந்து உருவிக்கொண்டு வந்தார். உருவி முடித்தபோது குழாயடியில் அவர் உயரத்துக்கு, அவர் கூனோடு, அவர் மீசையோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெள்ளையாக ஒருவர் நின்றிருந்தார். இந்தப் பக்கம் வந்தவர் கன்னங்கரேலென்று, கழுவின நாவற்பழம் மாதிரி இருந்தார். அவருக்கு மச்சங்கள் இருப்பது அன்றைக்குத்தான் வீட்டில் தெரிந்தது.

அவர் டெபோராவைத் தூக்கினார். அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பீட்சாவை அவர் வாயில் திணித்தாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். செலின் வாசலைப் பார்த்தபடி நின்றாள். வெள்ளையாக நின்றவர் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துவிட்டு, லேசாக இருமி, பேக்கரி இருக்கிற பக்கமாக இறங்கிப் போனார்.

"யாரும்மா அது?" என்றாள் செலின்.

"உங்கப்பாதான்டி, வேற யாரு" என்றாள் அம்மா.

"அப்ப இது?"

"இதுவும்தான். தட்டு எடுத்து வை."

மறுநாள் விடியும்போது வெள்ளையானவர் பேக்கரியில் வர்க்கி தட்டிக்கொண்டிருந்தார். வாழைப்பழமும் ரவையும் சர்க்கரையும் போட்டுப் புளிக்கவைக்கிற மாவாவை முகர்ந்து பார்த்துத் தலையாட்டினதாகவும், அன்றைய வர்க்கி வாயில் வைத்ததும் ஓலைச்சுவடி மாதிரி பிரிந்ததாகவும் சொன்னார்கள். வீட்டிலிருந்த அப்பாவும் குளிக்காமலே ஜம்மென்று வேலைக்குப் போனார். ஆனால் மைதா அவர் கையில் ஒட்டவில்லை. அள்ளினால் தண்ணீர் மாதிரி வழிந்து போயிற்று. பிசைகிற பலகையின் முன்னால் எதைச் செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. உருட்டுக்கட்டையை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார்.

"லூர்து, கோவிச்சுக்காத" என்றார் முதலாளி கனி பாய். "கை உன்னோடதுதான். வேலை அவரோடது. நீ வீட்டுல இரு, அவரு வரட்டும்."

லைன் இதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. எவ்வளவு சீக்கிரம் என்றால், அந்த வேகம்தான் செலினுக்கு எரிச்சல். காலையில் வெள்ளையானவர் நடந்து போனால் காக்கை வரிசையாகப் பின்னால் போகும், எறும்பு ஒரு கயிறாகப் போகும், பஸ்காரர் ஹாரன் அடிக்காமல் காற்று அவர் மேல் அடிக்காதபடி மெதுவாகப் போவார். மேகம் இறங்கி வழி நனைகிற நாளில் தேயிலைக்காரப் பெண்கள் மழைக்குப் போட்டுக்கொள்கிற தங்கள் கொங்காணிச் சாக்கை மடித்து அவர் தலையில் கவிழ்த்துவிடுவார்கள். "நனையாம போங்கண்ணே" என்பார்கள். காட்டெருமை ஒன்று ஒருநாள் ரோட்டை மறித்து நின்று அவர் தோளை முகர்ந்தது. நக்கிவிடும் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அது தும்மிவிட்டுப் போயிற்று. ரேஷன் கடையில் குடும்ப அட்டையில் இவரைச் சேர்க்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. சேர்த்தால் கோதுமை கூடக் கொடுக்கவேண்டிவரும், சொந்த ரத்தத்தைச் சாக்கில் வாங்கின மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

கோயிலிலும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பங்குத்தந்தை குழம்பிப்போனார்.

"ஞானஸ்நானம் வாங்கினது இவரா, அவரான்னு தெரியணுமே."

"இன்னொரு தரம் தண்ணி ஊத்திட வேண்டியதுதானே ஃபாதர்" என்றார் உபதேசியார்.

"ஊத்தினா களி ஆயிடுவாரு" என்றாள் பக்கத்து வீட்டுப் பிலோமி அக்கா.

அதனால் ஃபாதர் தூர நின்று சிலுவை மட்டும் வரைந்தார். வெள்ளையானவர் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். பெஞ்சில் கொஞ்சம் மாவு உதிர்ந்தது.

இதே பிலோமி அக்காதான் குழாயடியில் அம்மாவிடம் சொன்னாள்: "உனக்கு வந்த வாழ்வு யாருக்கு வரும்? ஒண்ணு சோறு திங்காம வேலைக்குப் போவுது, ஒண்ணு வேலைக்குப் போவாம சோறு திங்குது. எங்க வீட்டுல எல்லாம் ரெண்டாவதுதான் இருக்கு."

அம்மா சிரித்தாள். அம்மா அப்போதெல்லாம் சும்மாவே சிரித்தாள். தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டாள். கறுத்து மினுங்குகிற அப்பா நாள் முழுக்க டெபோராவோடு இருந்தார். அவளுக்குத் தலை பின்னினார், அவளோடு கட்டிலில் குதித்தார், தூங்குகிறவளை மார்பில் போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தார். டெபோராவின் கன்னம் ஏறியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பீட்சா என்று சட்டமாயிற்று. செலினின் கை பழகி மாவு இப்போது உதிராமல் வந்தது. எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், அதில் பொய் ஒன்றுமில்லை.

வெள்ளையானவர் தினமும் சாயந்திரம் வேலை முடிந்து மேடேறி வந்து குழாயடியில் நின்றார். குழாய்ப் பிடிமேல் கையை வைப்பார், திருகமாட்டார். வீட்டைப் பார்ப்பார். இருட்டுவதற்கு முன்னால் இறங்கிப் போய்விடுவார். பேக்கரியில் மாவு மூட்டைகளுக்கு நடுவில் போய் நின்றுகொள்வாராம், எது மூட்டை, எது அவர் என்று தெரியாதாம்.

"ஏன்ப்பா இங்க வந்து நிக்கறாரு?" என்று செலின் கேட்டாள்.

"பழக்கம். அது வெறும் மாவும்மா. கண்டுக்காத" என்றார் அப்பா, டெபோராவின் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே.

டெபோராவுக்குக் குழப்பமே இல்லை. "அது அப்பாவோட சட்டை, அக்கா" என்றாள். "கழட்டிட்டாரு."

ஒருநாள் அம்மா வர்க்கி வாங்கிவரச் சொல்லி, ஃபாக்டரியில் யாருக்கோ கொடுக்க, செலினைப் பேக்கரிக்கு அனுப்பினாள். செலின் அங்கே போய் ரொம்ப வருஷம். உள்ளே அடுப்புச் சூட்டில் வெள்ளையானவர் தட்டுகளை இழுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். அவருக்குப் பேச்சு கிடையாது. அலமாரியின் மேல் தட்டில், முன்பு வைக்கிற அதே இடத்தில் இருந்த ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து நீட்டினார். மூலையில் தீய்ந்த ஓரத்து வர்க்கி. ஒன்று அல்ல, ஒரு குவியல். தினமும் எடுத்துவைத்திருக்கிறார்.

அவள் சர்க்கரை மூட்டைமேல் உட்கார்ந்து தின்றாள். தின்றுகொண்டே அழுதாள், ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வாயைத் துடைத்து, கையைத் தட்டி, வீட்டுக்கு வந்து, வாங்கின வர்க்கியைத் தகரக் கொட்டகையில் வைத்து, ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டு, முகம் கைகால் கழுவி, உள்ளே போனாள். போனதும் கேட்டாள்.

"அப்பா, நான் சின்னதுல எங்க தூங்குவேன்?"

"கட்டில்லதான்."

"பகல்ல?"

அப்பா யோசித்தார். டெபோராவின் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டே யோசித்தார். கல்யாண நாள் நினைவிருந்தது. டெபோரா பிறந்த அன்றைக்குப் பெய்த மழை நினைவிருந்தது. "நீ... சின்னதுல... அம்மாகூடத்தானே இருந்த?" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை. பேக்கரிக்குள் நடந்தது அத்தனையும் மைதாவோடு வெளியே போயிருந்தது, அதோடு செலின் அங்கே வளர்ந்த வருஷங்களும் மொத்தமாகப் போயிருந்தன.

அப்படியானால் எது அவள் அப்பா? தலை பின்னிவிடுகிற இவர் டெபோராவின் அப்பா, சந்தேகமில்லை. அம்மாவின் புருஷன், அதிலும் சந்தேகமில்லை. வாசலில் நிற்கிறவர் உள்ளே வந்தால் டெபோரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். இவர் வெளியே போய் அவரைத் தொட்டால் எல்லாம் மறுபடி இவர் மேல் ஏறிக்கொள்ளலாம், அப்புறம் டெபோராவைத் தூக்கமாட்டார். ஏறாமலும் போகலாம். யாருக்குத் தெரியும்? யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. செலின் எந்தப் பக்கம் ஆசைப்பட்டாலும் இன்னொரு பக்கம் யாரோ அழவேண்டியிருந்தது. யாரிடம் கேட்டாலும் தட்டு எடுத்து வை என்பார்கள். அவள் ஞாயிறு வந்ததும் மாவைப் பிசைந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மழை வந்தது. கோடை முழுக்க ஏமாற்றின மழை, பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமாக நடந்து வந்தது. லைனில் எல்லோரும் டிரம்மையும் குடத்தையும் தூக்கி வெளியே வைத்தார்கள். அப்புறம்தான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்து குழாயடியைப் பார்த்தார்கள். வெள்ளையானவர் நின்றிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"ஐயோ, உள்ள வாங்கண்ணே!" என்று கத்தினாள் பிலோமி அக்கா. கத்திவிட்டு, தன் வீட்டுக் கூரையிலேயே ஒழுகுவதைப் பார்த்து, வாளியைத் தேடினாள்.

"யாராச்சும் சாக்கு எடுத்துக்கிட்டு ஓடுங்கடா!"

"ஃபாக்டரி ஷெட்டுக்கு ஓடச் சொல்லு!"

"சொன்னா ஓடற ஆளா அவரு?"

முதல் சொட்டு அவர் தோளில் விழுந்து ஒரு குழி விழுந்தது. அப்பா நிலைப்படியில் நின்றார். இடுப்பில் டெபோரா. ஒரு காலை வெளியே வைக்கப்போனார், வைக்கவில்லை. டெபோரா அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா, "போவாதீங்க" என்றாள், அப்புறம், "போங்க" என்றாள்.

செலின் அண்டாவை அடுப்பில் விட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"செலின்! ஒட்டிக்கும்டி!" என்று அம்மா கத்தினாள்.

"ஒட்டட்டும்!"

குடையை விரித்து அவர் தலைமேல் பிடித்தாள். அவர் உயரம் அவள் கைக்கு எட்டவில்லை. மேட்டிலிருந்து தண்ணீர் ஓடிவந்து அவர் பாதம் ஏற்கெனவே கரைந்து பாலாகப் போய்க்கொண்டிருந்தது. "வாப்பா, பேக்கரிக்குப் போயிடலாம்" என்றாள். "அப்பா" என்று அவரை அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். குனிந்தார். இரண்டு கையையும் அவள் முதுகில் வைத்து, சின்னப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி, தூக்கப்பார்த்தார். ஒரு நொடி அவள் கால் தரையைவிட்டு எழும்பியது. வேண்டுமானால் பிலோமி அக்காவிடம் கேட்டுப் பாருங்கள், அவளும் பார்த்தாள். அப்புறம் காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு தேயிலைக்குள் எறிந்தது, மழை முழுசாக இறங்கியது, செலின் கட்டிப்பிடித்திருந்தது கொழகொழத்து, சரிந்து, வெள்ளையாக அவள் காலைச் சுற்றி ஓடி, லைன் சாக்கடை வழியாக, தேயிலைச் செடிகளின் வேர்களுக்குள், கீழே கீழே போயிற்று. புளித்த மாவா வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

எல்லோரும் பார்த்தார்கள். ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். மழை கொட்டியதால் சீக்கிரமே மறுபடி கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

செலின் நடந்து வந்து தகரக் கொட்டகைக்குள் நின்றாள். உள்ளே போகக் கூடாது. அது தெரியும். முன்பக்கம் எல்லாம் வழிந்து போயிருந்தது. முதுகில் மட்டும், கம்பளி ஸ்வெட்டரில், அவர் அழுத்திப் பிடித்த இடத்தில், இரண்டு கை பிசைந்த மாவாக ஏறியிருந்தது. கம்பளியில் ஏறிய மாவு லேசில் போகாது. அவள் கையைப் பின்னால் வளைத்துத் தேய்க்கப் பார்த்தாள், எட்டவில்லை.

அப்பா டெபோராவை இறக்கிவிட்டார். அம்மாவிடம் ஏதோ சொன்னார். மழையில் இறங்கிக் கொட்டகைக்கு வந்து, ஒரு குடம் மழைத்தண்ணீரைப் பக்கத்தில் வைத்தார்.

"திரும்பு. நான் தேய்ச்சு விடறேன்."

அவள் திரும்பினாள். அவர் கை அவள் முதுகில் பட்டது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் பட்டது. விரல்மேல் விரலாக, உள்ளங்கைமேல் உள்ளங்கையாக, அந்த வெள்ளைக் கைக்குள் அவர் கை அளவெடுத்த மாதிரி போய் உட்கார்ந்தது. அவர் தேய்க்கவில்லை. வெகுநேரம் தேய்க்கவில்லை.

"சர்க்கரை மூட்டை" என்றார்.

செலின் கொட்டகைத் தகரத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"சர்க்கரை மூட்டைமேல குப்புறப் படுத்துத் தூங்குவ. எழுந்தா கன்னத்துல சாக்கு வரி வரியா பதிஞ்சிருக்கும். பாய் உன்னை, 'என்னம்மா, மூட்டை மேல ஒரு குட்டி மூட்டையா'ன்னு கேப்பாரு..." அவர் கையை எடுத்துப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. ஒட்டியிருந்தது. ரேகைக்குள் ஏறியிருந்தது.

"அப்பா! அக்கா! பீட்சா ஆறுது!" என்று டெபோரா நிலைப்படியிலிருந்து கத்தினாள். தட்டில் இரண்டு துண்டு வைத்திருந்தாள். ஒரு விரலால் சீஸைத் தூக்கிக் காட்டினாள். "நூலு அறுந்துடும்!"

அப்பா குடத்தைப் பார்த்தார். கழுவினால் அந்தப் பக்கம் போகலாம். கழுவினால் இந்த ஞாபகம் இருக்குமா, போகுமா, அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. குடத்துக்குள் கையை விடப்போனார்.

"இருப்பா" என்றாள் செலின், அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. "அப்புறம் கழுவிக்கலாம். வேற என்ன ஞாபகம் வருது? சீக்கிரம் சொல்லு."

அவர் மாவுக் கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தகரத்தின் மேல் விழுகிற மழைச் சத்தத்துக்கு மேலாகச் சத்தம் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"இதோ வரோம் டெபு" என்று செலின் கத்தினாள். "நீ நூலைப் பிடிச்சுக்கிட்டே இரு."